சத்தம் போடாத மத்தியானம்

பட்டாணியின் அப்பா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். அந்த வேலைக்கு முதலில் வேண்டியது தொண்டை. அவருக்கு அது தேவைக்கு மேலேயே வாய்த்திருந்தது. ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஒரு பக்கம் கடகடக்கும், தள்ளுவண்டிகள் ஒரு பக்கம் உருளும், கூரைக்கு மேலே பறவைகள் கத்தும். அத்தனையையும் தாண்டி அவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் போய் நிற்கும். சங்கத்தில் மைக் வாங்கித் தருகிறோம் என்றபோது, "பாவம், மைக் பயந்துடும்" என்று சொல்லிவிட்டார். ஏலக்காரர் என்றுதான் ஊரே அவரைக் கூப்பிட்டது.

விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புவார். வெயில் ஏறும் நேரத்தில் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார். மத்தியானம் முழுக்கத் தூக்கம். அதனால் அந்தத் தரைத்தளத்து வீட்டில் மத்தியானம் என்றால் யாரும் மூச்சு விடுவதுகூட யோசித்துத்தான். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய துணியைச் சுற்றியிருந்தார்கள். அவர் மனைவி டிரைகிளீனிங் கடை ஒன்றில் கறை எடுக்கிற மேசையில் வேலை பார்த்தாள். அவள் வர இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பட்டாணி, செருப்பை வாசலிலேயே கழற்றி, சாவியைச் சத்தமில்லாமல் திருப்பி, குழாயைக் கால்வாசி திறந்து முகம் கழுவுவாள்.

பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர் பட்டாணி. இப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெயரை வெளியாள் முன்னால் சொன்னால் முறைப்பாள்.

"என் பொண்ணு வீட்டுக்குள்ள வந்தா காத்துக்கே தெரியாது" என்று சந்தையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் ஏலக்காரர். ஒரு பிள்ளை அவ்வளவு சத்தமில்லாமல் இருப்பது பெருமைப்பட வேண்டிய விஷயம்தானா என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டாவது மாடியில் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். அவருடைய மகனும் பட்டாணியும் ஒரே வகுப்பு. நெடுநெடுவென்று வளர்ந்து, கால் மட்டும் தனியாக வளர்ந்த மாதிரி இருப்பான். கொக்கு என்று பெயர். சிறு வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. அப்பா இரண்டு ஷிஃப்ட் ஓட்டிவிட்டுத்தான் வருவார். மேலே ஆளில்லாத வீடு, கீழே பேசக் கூடாத வீடு. இரண்டு பிள்ளைகளும் ஏலக்காரர் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரம் வைத்திருந்த ஒடுக்கமான இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் பட்டாணி கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். தட்டில் போட்டதைப் பாதி மீதி வைத்தாள். தலைவலி என்று சொல்லிப் படுத்தாள். உதட்டோரத்தில் சின்னச் சின்னப் புண்கள் வந்தன. கண் சிவந்திருந்தது. கணக்கில் எப்போதும் முந்திக்கொண்டு கை தூக்குகிறவள், இப்போது பின் வரிசையில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

"காதல் கீதல்னு ஏதாவது இருக்குமோ?" என்று மனைவியிடம் கேட்டார் ஏலக்காரர்.

"உங்க மூஞ்சியப் பாத்து வளர்ந்தவ, அவ்வளவு சீக்கிரம் யாரையும் நம்ப மாட்டா" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். வயசு, எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

மகளின் சட்டையைத் துவைக்கப் போடும்போது கறை நீக்கும் திரவத்தின் நெடி அடிப்பதை அம்மா கவனிக்காமல் இல்லை. ஆனால் அந்த நெடியில்தானே அவள் நாள் முழுக்க நிற்கிறாள். தன் மேலிருந்துதான் வீட்டுத் துணிக்கெல்லாம் ஏறுகிறது என்று நினைத்தாள். கடையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் குளித்தாள். தன் துணியைத் தனி வாளியில் போட்டாள். அப்படியும் நெடி போகவில்லை. "என் மூக்கே செத்துப்போச்சு போல, எங்க பாத்தாலும் அதே வாசனை" என்று அலுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. டிரைவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த இன்னொரு நம்பர் ஏலக்காரருடையது. தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்தவர், கேட்டதும் போட்டிருந்த பனியனோடு ஆட்டோவில் ஏறினார்.

விளையாட்டுச் சாமான் வைக்கிற அறைக்குப் பின்னால் கொக்கு எதையோ முகர்ந்துகொண்டு இருந்திருக்கிறான். காவலாளி பார்த்துவிட்டு "டேய்" என்று அதட்டியிருக்கிறார். கொக்கு எழுந்து ஓடினான். காவலாளி துரத்தினார். மைதானத்தின் பாதிகூடத் தாண்டவில்லை, பையன் முகம் குப்புற விழுந்தான். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

டிரைவர் நடுவழியில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார். சீருடையின் பித்தான்கள் கழுத்து வரை போட்டபடியே இருந்தன. அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, கைகள் இரண்டையும் ஸ்டியரிங் பிடிப்பது போல முன்னால் நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரிடம் சத்தமே இல்லை.

பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். தொண்டை கட்டிப்போன குரல். டிரைவருக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"ஐயா, உங்க பையன் கெட்ட பையன்னு நினைச்சுடாதீங்க. இந்த மாதிரி ஆவியை உள்ள இழுத்தா, இதயம் தொட்டாச்சிணுங்கி மாதிரி ஆயிடும். அந்த நேரத்துல திடுக்கிட்டாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி நின்னுடும். ரொம்ப நாளா பண்றவங்களுக்குத்தான்னு இல்ல, முதல் தடவை பண்ற பிள்ளைக்கும் நடக்கும். எது கடையில சாதாரணமா கிடைக்குதோ, எது வீட்ல இருக்கோ, அதை யாரும் விஷம்னு நினைக்கிறதில்ல."

சுவரில் சாய்ந்து நின்ற காவலாளி, "நான் அதட்டத்தான் செஞ்சேன்மா. வழக்கமா அதட்டுற மாதிரிதான் அதட்டினேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உங்களுக்கு யாரும் சொல்லித் தரலியே. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் டாக்டர். பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார்: "இனிமே எந்தப் பிள்ளையாவது இப்படிப் பாத்தா கத்தாதீங்க, துரத்தாதீங்க. மெதுவாப் பேசி, கையில இருக்கறதை வாங்கிட்டு, ஜன்னலத் திறந்து, உக்கார வெச்சு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. திட்றதுக்கு அப்புறம் நிறைய நாள் இருக்கு."

அன்றைக்கு வீடு திரும்பியதும் ஏலக்காரர் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் முகம் வெளிறி இருந்தது. கொக்கு போன துக்கம் என்று நினைத்தார்.

"நீ அந்த மாதிரி எதுவும் பண்றதில்லல்ல?"

பட்டாணி இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பினார். நம்ப வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

சில வாரங்கள் போயின. டிரைவர் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் பட்டாணி சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். வீட்டில் பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. அம்மா இரவில் அவளைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துத் தலை கோதினாள். "அழுதுடு கண்ணு, அழுதா கொஞ்சம் இறங்கும்" என்று சொன்னாள். பட்டாணி அழவில்லை.

ஒரு மத்தியானம் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. புழுக்கத்தில் ஏலக்காரருக்கு விழிப்பு வந்தது. சட்டையைக்கூடப் போடாமல் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். பின்பக்கக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு ஒரு துணியைச் சேர்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா கடையில் கறை எடுக்க வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன பாட்டில்.

அவருக்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சந்தையையே திரும்பிப் பார்க்க வைக்கிற சத்தம். நெஞ்சு வரைக்கும் வந்தது, தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்துவிட்டார். அந்த நொடியில் ஸ்டியரிங் பிடித்த மாதிரி நீட்டியிருந்த இரண்டு கைகள் கண் முன்னால் வந்தன. வாயை மூடினார். விழுங்கினார். அந்தச் சத்தத்தை விழுங்க அவர் பட்ட பாடு, பெரிய மீன் முள்ளை விழுங்கியது போல இருந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னார்.

கதவைத் தள்ளாமல், வெளியே நின்றபடியே பேசினார்.

"பட்டாணி. அப்பாதான்டா. தண்ணி குடிக்க வந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். கண்கள் அவர் மேல் நிற்காமல் எங்கோ வழுக்கிக்கொண்டு போயின. பிறகு யாரென்று புரிந்து, உடம்பு விறைத்தது. சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள். அந்தப் பக்கம் வெளிக்கதவு இருந்தது.

"எழுந்திரிக்காத கண்ணு. ஒண்ணும் இல்ல. நீயும் உக்காரு, நானும் உக்கார்றேன். எனக்கும் புழுக்கமா இருக்கு." கதவோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையை எட்டி ஜன்னலைத் திறந்துவிட்டார். குரல் மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொண்டார். "அந்தத் துணிய அப்பாகிட்ட குடுக்கறியா? குடு. கோவம் இல்ல. பாரு, என் மூஞ்சில கோவம் இருக்கா?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை நீட்டினாள். அவர் அதையும் பாட்டிலையும் வாங்கித் தலைக்கு மேலே ஜன்னலுக்கு வெளியே வைத்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வீட்டு முகவரியைச் சொன்னார், பிள்ளை என்ன செய்தாள் என்று சொன்னார். மறுமுனையில் இருந்த பெண், "சார், சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றாள்.

"முடியாதும்மா" என்றார் ஏலக்காரர், அதே தணிந்த குரலில். "பக்கத்துல பிள்ளை இருக்கு. நீங்க காதைக் கிட்ட வெச்சுக் கேளுங்க. நான் எத்தனை தடவ வேணும்னாலும் சொல்றேன்."

மூன்றாம் முறை அவளுக்குப் புரிந்தது. வண்டி கிளம்பிவிட்டது, அதுவரை பிள்ளையைத் தூங்க விடாமல், பயப்பட விடாமல் பேசிக்கொண்டே இருங்கள் என்றாள்.

பேசச் சொன்னால் என்ன பேசுவது? அவருக்குத் தெரிந்தது மீன்தான். நகர்ந்து நகர்ந்து மகளுக்குப் பக்கத்தில் வந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இன்னைக்குச் சந்தையில என்ன ஆச்சு தெரியுமா? ஒரு நண்டு கூடையிலேர்ந்து தப்பிச்சிடுச்சு. எங்க போச்சுன்னு தேடறோம். ஓட்டல்காரர் ஒருத்தர் ஏலம் கேக்க வந்தாரு, நல்லா இஸ்திரி போட்ட பேண்ட்டு. நான் விலை சொல்லச் சொல்ல மனுஷன் துள்ளித் துள்ளிக் கை தூக்கறாரு. நானும் அடடா, இவ்வளவு ஆசையா வாங்குறாரேன்னு ஏத்திக்கிட்டே போறேன். கடைசியில பாத்தா, நண்டு அவர் கால்ல தொங்கிட்டு இருக்கு."

பட்டாணியின் உதடு லேசாக அசைந்தது. "அப்புறம்?" என்றாள். நாக்கு குழறியது.

"அப்புறம் என்ன, அந்த நண்டையும் சேர்த்து அவர் தலையிலயே கட்டிட்டேன்."

அவள் நெஞ்சின் மேல் இருந்த அவர் உள்ளங்கையில் அவளுடைய துடிப்பு தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. சில நேரம் வேகமாக ஓடியது, சில நேரம் ஒன்றை விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொரு முறை விட்டுப்போகும்போதும் அவருடைய உயிர் போய்ப்போய் வந்தது. குரலில் அதைக் காட்டாமல் அடுத்த கதைக்குப் போனார். கணவாய் மீன் மை துப்பிய கதை. ஐஸ் லாரி ரிவர்ஸில் வந்து சங்கத்துத் தலைவரின் நாற்காலியை நசுக்கிய கதை. பாதி நடந்தது, பாதி அவர் கட்டிவிட்டது.

வண்டி வந்தது. வாசலில் சைரனை அணைத்துவிடச் சொல்லி அவர் கையசைத்தார். ஓட்டுநர் புரிந்துகொண்டு அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். ஒயர்களை ஒட்டி, திரையைப் பார்த்துக்கொண்டு, நெடுநேரம் கழித்துத்தான் அவர் திரும்பினார்.

"துடிப்பு ஒழுங்குக்கு வந்துடுச்சு. ராத்திரி இங்கயே இருக்கட்டும், பாத்துக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கத்தாம இருந்தீங்களா?" என்று கேட்டார்.

ஏலக்காரர் தலையாட்டினார். அதன் பிறகுதான், வராந்தாவின் மூலைக்குப் போய், சுவரில் நெற்றியை வைத்து, சத்தமில்லாமல் அழுதார்.

அம்மா கடையிலிருந்து நேராக ஓடிவந்தாள். கட்டில் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். தன் மேல் அடிக்கிற நெடி மகளுக்குப் பட்டுவிடுமோ என்று பயம். நர்ஸிடம் கேட்டு ஆஸ்பத்திரி அங்கி ஒன்றை வாங்கி, முகமும் கையும் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வந்துதான் மகளைத் தொட்டாள். "என் மூக்கு சொன்னதை நான் கேக்கலியேடி" என்றாள்.

மறுநாள் காலையில், கஞ்சி குடித்த பிறகு, பட்டாணி தானாகவே பேசினாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"கொக்கு கையில இருந்த பாட்டில் என்னோடது. அம்மா கடையிலேர்ந்து நான்தான் எடுத்தேன். வீட்ல சும்மா உக்காந்திருப்போம், பேசவும் முடியாது. விளையாட்டா ஆரம்பிச்சோம். தல சுத்தும், சிரிப்பு வரும், அவ்வளவுதான்னு நினைச்சோம். அன்னைக்கு நானும் அங்க இருந்தேன், சுவரு மறைவுல. அதான் யாருக்கும் தெரியல. வாட்ச்மேன் தாத்தா கத்தினதும் நான் லைப்ரரி பக்கம் ஓடிட்டேன். அவன் மைதானத்துப் பக்கம் ஓடினான். திரும்பிப் பாக்கல நான்." குரல் உடைந்தது. "கண்ண மூடினா அவன்தான் வர்றான். அதை முகர்ந்தா கொஞ்ச நேரத்துக்கு வர மாட்டான். அதுக்குத்தான்."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஏலக்காரர் மகளின் பாதங்களைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார். தப்பில்லை என்று சொன்னால் பொய். தப்பு என்று சொன்னால் தாங்க மாட்டாள்.

"இவ்வளவு நாளா தனியா தூக்கிட்டுத் திரிஞ்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் அவள் அழுதாள். வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வாயைப் பொத்தாமல், பெரிதாக அழுதாள். நர்ஸ் ஓடிவந்தாள். ஏலக்காரர், "அழட்டும்மா, விடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகரைப் பார்க்கப் போனாள். கை நடுங்கியது, தூக்கம் வரவில்லை, எரிந்து விழுந்தாள். ஒரு தடவை சறுக்கினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்திருந்த ஸ்ப்ரே டப்பா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவை எழுப்பி அவளே சொன்னாள். அவர் உடனே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் திட்டவில்லை. "சொன்னியே, அது போதும்" என்றார்.

ஏலக்காரர் தன் தூக்கத்தை இரண்டாக வெட்டிக்கொண்டார். மகள் வரும் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். நாற்காலிக் கால்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டார்கள். ரேடியோ பாடியது. அம்மா கடை முதலாளியிடம் சண்டை பிடித்து, பாட்டில்கள் வைக்கிற அலமாரிக்குப் பூட்டுப் போட வைத்தாள். தானும் கறை எடுக்கிற மேசையிலிருந்து இஸ்திரி மேசைக்கு மாறிக்கொண்டாள். "முன்னாடி நெடி, இப்ப சூடு. என் ராசி அப்படி" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாணி, "மேல போகணும்" என்றாள்.

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. ஆலோசகர்கூட, எப்போது முடியுமோ அப்போது என்றுதான் சொல்லியிருந்தார். ஏலக்காரர் கூடப் போனார். இரண்டாம் மாடிக் கதவுக்கு முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். பிறகு தட்டினாள்.

டிரைவர் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பட்டாணி எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில் தன்னுடையது என்று சொன்னாள். ஓடிப்போனதைச் சொன்னாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப தெரியலம்மா" என்றார் டிரைவர் கடைசியில். "வருமா வராதான்னும் தெரியல."

"சரி மாமா" என்றாள் பட்டாணி. திரும்பினாள்.

"நில்லு." அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்ப அவன் தூங்கிட்டிருந்தான். அதுக்கப்புறம் நான் அவன உயிரோட பாக்கல. கடைசியா அவன் என்ன பேசினான்னு யாரும் எங்கிட்ட சொல்லல. யாருக்கும் தெரியல. நீ கூட இருந்தியே. என்ன பேசிட்டிருந்தான்?"

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "உங்கள மாதிரி பேசிக் காட்டிட்டிருந்தான் மாமா. படியில தொங்குறவங்கள நீங்க திட்டுவீங்கல்ல, 'உள்ள வா ராசா, பஸ்ஸு என்ன உன் வீட்டு ஊஞ்சலா'ன்னு. அதை அப்படியே உங்க குரல்லயே. கழுத்த இப்படி வெச்சுக்கிட்டு." கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள். "ஒரு நாள் உங்க பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம ஏறி, நீங்க என்ன பண்றீங்கன்னு பாக்கப் போறேன்னு சொன்னான்."

டிரைவரின் முகம் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று ஏலக்காரருக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். டிரைவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டாணியும் எதிரே படியில் உட்கார்ந்தாள். வேறு என்னென்ன பேசுவான் என்று அவர் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏலக்காரர் மெல்ல இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் டிரைவரே கீழே வந்தார். கையில் கொக்குவின் பள்ளிக்கூடப் பை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கொடுத்தது அப்படியே மூடிக் கிடந்தது.

"தனியா திறக்க முடியல" என்றார். "இங்க வெச்சுத் திறக்கலாமா?"

நான்கு பேரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். பட்டாணிதான் ஜிப்பை இழுத்தாள். கசங்கிய புத்தகங்கள், மூடி தொலைந்த பேனா, ஒற்றைக் காலுறை. அடியில் சாப்பாட்டு டப்பா. மூடியைத் திறக்காமலே நாற்றம் அடித்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் விட்டது.

டிரைவர் அதை வாங்கப் போனார். "அதத் தூக்கிப் போட்டுடலாம்."

"இருக்கட்டும் அண்ணே, இங்க குடுங்க" என்று பட்டாணியின் அம்மா எடுத்துக்கொண்டு போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய், ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அவள் கழுவிக் கொடுக்க, அவர் துடைத்தார். மூலையெல்லாம் ஈரம் போகிற வரைக்கும் துடைத்தார்.